பேட்டரி ஸ்பிரேயர்: மோட்டாரைப் பார்த்து வாங்கி, நாசிலில் கோட்டை விடுகிறோம்

முதுகில் மாட்டி மருந்து அடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரைக் கடையில் எடுத்து மேசைமேல் வைப்பவர் முதலில் சொல்வது ‘டபுள் மோட்டார்’. அடுத்தது, ‘ஒரு சார்ஜுக்கு இருபது டேங்க்’. மூன்றாவது விலை. மருந்து வெளியே வரும் முனையான நாசிலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அது ஒரு சின்ன பாலித்தீன் பையில், நாலைந்து பிளாஸ்டிக் துண்டுகளாக, அட்டைப்பெட்டியின் அடியில் கிடக்கும். நெல்லில் பூஞ்சணத்தால் வரும் குலைநோய்க்கு வாங்கிய மருந்து பலிக்குமா, மருந்துச் செலவு ஏறுமா இறங்குமா, அடிக்கிறவர் உடம்பில் எவ்வளவு படும் என்ற மூன்றுக்கும் பதில் அந்தப் பையில்தான் இருக்கிறது.

இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது டெல்டாவில் நெல்லுக்கு அதிகம் பயன்படும் வகை: 16 லிட்டர் டேங்க், 12 வோல்ட் 8 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி, ஒரு டயஃப்ரம் பம்ப், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. மேலே ஒட்டிய பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கும் பம்பும் பேட்டரியும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அதனால் கம்பெனியைச் சொல்லாமல் பாகங்களைச் சொல்கிறோம். விலை ஊருக்கு ஊர் மாறும். இந்த வகையை 3,000 ரூபாயை ஒட்டி வைத்துக் கணக்குப் போடலாம்.

முதலில் எடை. காலி மெஷின் பேட்டரியோடு 6 கிலோ பக்கம். தண்ணீர் 16 கிலோ. ஆக 22 கிலோவைத் தோளில் மாட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடக்க வேண்டும். பெல்ட் இரண்டு விரல் அகல நைலான் நாடாவாக இருந்தால் மூன்றாவது டேங்கிலேயே தோள் காந்தும். அகலமான, பஞ்சு வைத்த பெல்ட் தனியாகக் கிடைக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். சேறு ஆழமான வயலில் 12 லிட்டரோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அப்போது டேங்குக்குப் போடும் மருந்தும் அதற்கேற்பக் குறைய வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பம்புக்கு வருவோம். நெம்புகோல் அடிக்கும் பழைய கைத்தெளிப்பானோடு ஒப்பிட்டால் இதன் பெரிய லாபம் கை ஓய்வு கிடைப்பது மட்டுமல்ல. கை களைத்தால் அழுத்தம் விழும், தெளிப்பு கனத்த சொட்டாகும். பேட்டரி பம்ப் அழுத்தத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வைக்கிறது. பேட்டரியில் உயிர் இருக்கும்வரை அந்த வேலையைச் சரியாகவே செய்கிறது. இந்த மெஷினுக்கு மனமார மதிப்பெண் கொடுக்கக்கூடிய இடம் இது.

இனி அந்தப் பாலித்தீன் பை. அதில் வழக்கமாக இருப்பவை: கூம்பு வடிவில் அடிக்கும் ஒற்றை நாசில், நாலு துளை நாசில், விசிறி போல் தட்டையாக அடிக்கும் நாசில், தூரத்துக்குப் பீய்ச்சும் ஒரு கன். பூஞ்சண மருந்துக்கும் பூச்சி மருந்துக்கும் வேண்டியது உள்ளே வெற்றிடமாக வளையம் போல் விழும் கூம்பு நாசில், அதாவது ஹாலோ கோன். விசிறி நாசில் களைக்கொல்லிக்கு. பீய்ச்சும் கன்னை நெல் வயலில் எடுக்கவே கூடாது. அதில் வருவது சொட்டு, பனி அல்ல. இலையில் பட்டதும் உருண்டு தண்ணீருக்குள் போய்விடும். நெல் இலை மெழுகு பூசியதுபோல் இருப்பதால் கனத்த துளி நிற்காது.

நாலு துளை நாசிலைத்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். காரணம் எளிது, டேங்க் சீக்கிரம் காலியாகும். டேங்குக் கணக்கில் கூலி பேசும் ஊர்களில் அடிப்பவருக்கு அது லாபம், வயல்காரருக்கு நஷ்டம். அடிப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலிக் கணக்கு அப்படி. ஏக்கர் கணக்கில் கூலி பேசிவிட்டு, நாசிலை நீங்கள் மாட்டிக் கொடுங்கள்.

சரியான நாசில் எது என்பதை மக் ஒன்றும் கைப்பேசியில் இருக்கும் கடிகாரமும் வைத்தே கண்டுபிடிக்கலாம். மெஷினில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, நீங்கள் வழக்கமாக வைக்கும் வேகத்தில் திருகை வைத்து, சரியாக ஒரு நிமிடம் அளவுக் குவளைக்குள் அடியுங்கள். வந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, அதே டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வயலுக்குள்ளேயே, சாலையில் அல்ல, ஒரு நிமிடம் எவ்வளவு மீட்டர் நடக்கிறீர்கள் என்று டேப் வைத்து அளக்கவும். சேற்றில் 25 முதல் 40 மீட்டருக்குள் வரும். மூன்றாவது, தெளிப்பு விழும் அகலம். இந்த மூன்றும் கையில் இருந்தால் ஏக்கருக்கு எத்தனை லிட்டர் போகிறது என்பது ஒரு வரிக் கணக்கு: நிமிடத்துக்கு வரும் லிட்டரை 4,047-ஆல் பெருக்கி, நடையும் அகலமும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். 4,047 என்பது ஒரு ஏக்கரின் சதுர மீட்டர்.

ஒற்றைக் கூம்பு நாசிலில் நிமிடத்துக்கு 0.8 லிட்டர் வருகிறது, அகலம் 1 மீட்டர், நடை 30 மீட்டர் என்று வையுங்கள். 0.8 × 4,047 ÷ 30 = 108 லிட்டர். அதாவது ஏக்கருக்கு ஏழு டேங்க் கூட இல்லை. கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால் ஒரு மா நிலத்தில் வெறும் தண்ணீர் அடித்துப் பாருங்கள். மேலே சொன்ன அளவில் இரண்டேகால் டேங்க் ஆகும். மூன்று மா ஒரு ஏக்கர் என்பதால் மூன்றால் பெருக்கினால் போதும்.

இதில் என்ன சிக்கல்? குலைநோய்க்கு அதிகம் விற்கும் டிரைசைக்ளசோல் 75 சதத் தூள் ஏக்கருக்கு 120 கிராம் என்று பாக்கெட்டிலேயே வருகிறது. தண்ணீர் 200 லிட்டர். 200 லிட்டரை 16-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை டேங்க். ஆகவே டேங்குக்குப் பத்து கிராம் என்று கடையில் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பில்லை, ஆனால் அது பன்னிரண்டரை டேங்க் அடிப்பவருக்கு. ஏழு டேங்கில் ஏக்கரை முடிப்பவர் டேங்குக்குப் பத்து கிராம் போட்டால் வயலில் விழுந்தது 70 கிராம்தான். மீதி 50 கிராம் பாக்கெட்டிலேயே இருக்கிறது. பத்து நாள் கழித்து ‘மருந்து கேட்கல, டூப்ளிகேட்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். நாலு துளை நாசிலில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் அடித்து, நடையும் மெதுவாக இருந்தால் நேர் எதிர்: 20 டேங்க் ஓடும், இரண்டு பாக்கெட் தீரும், பாதி வாய்க்கால் தண்ணீரோடு போகும்.

அளவுக்கு வழி ஒன்றுதான். ஏக்கருக்கு உள்ள மருந்தை, நீங்கள் உண்மையில் அடிக்கும் டேங்க் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மூடி, கரண்டி, ‘ஒரு பிடி’ எதுவும் வேண்டாம். தூள் மருந்தை நிறுக்கத் தராசு இல்லையென்றால் வேறு ஒரு முறை இருக்கிறது. பன்னிரண்டு டேங்க் ஆகும் என்றால் ஒரு வாளியில் 6 லிட்டர் தண்ணீர் எடுத்து, ஏக்கர் பாக்கெட் முழுவதையும் முதலில் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, பிறகு வாளியில் கரைத்துக்கொள்ளுங்கள். டேங்குக்கு அரை லிட்டர் கரைசல். ஒவ்வொரு முறை மொள்ளும்போதும் குச்சியால் அடிவரை கலக்கிவிட்டு எடுக்க வேண்டும், தூள் உட்கார்ந்துவிடும். அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே முடித்துவிடவும்.

சரி, 200 லிட்டரை நல்ல துளியோடு எப்படி அடிப்பது? 30 மீட்டர் நடைக்கு நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் தேவை. அதை ஒரே பெரிய துளையில் எடுத்தால் துளி கனக்கும். திருகை முழுக்கத் திறந்து எடுக்கப் பார்த்தாலும் நடக்காது. நாசிலில் வரும் அளவை இரட்டிப்பாக்க அழுத்தம் நாலு மடங்கு வேண்டும், கிடைப்பது புகை போன்ற பனியும் காற்றில் பறக்கும் மருந்தும்தான். நல்ல வழி, ஒரே குழாயில் இரண்டு கூம்பு நாசில் மாட்டும் இரட்டைத் தலை. ஒவ்வொன்றும் 0.75 லிட்டர் அடித்தால் மொத்தம் ஒன்றரை. ஏக்கருக்கு 202 லிட்டர் வரும். இந்த வகை ஒற்றைப் பம்பே நிமிடத்துக்கு மூன்று லிட்டர் தள்ளும். ஆக, நெல் விவசாயிக்கு வேண்டியது இரட்டை நாசில். இரட்டை மோட்டார் இல்லை.

குலைநோயில் தெளிப்பு இவ்வளவு முக்கியமாவதற்கு மருந்தின் குணமும் ஒரு காரணம். இந்தப் பூஞ்சணம் இலைமேல் ஒட்டி, மெலனின் பூசிய ஒரு கறுப்புக் குமிழை உண்டாக்கி, அதற்குள் அழுத்தத்தை ஏற்றி, அந்த விசையால்தான் இலைத் தோலைக் குத்தி உள்ளே போகிறது. டிரைசைக்ளசோல் அந்த மெலனினைத் தடுக்கிறது. குமிழுக்குச் சுவர் உறுதி இல்லாததால் குத்த முடியாது. அதாவது பூஞ்சணத்தை இது கொல்லவில்லை, வாசலில் நிறுத்துகிறது. உள்ளே போன பிறகு அடித்தால் கண் வடிவப் புள்ளி மறையாது. கழுத்துக் குலைநோய்க்கு இது இன்னும் கறார்: கழுத்துக் கணு கறுத்த கதிரை எந்த மருந்தும் மீட்காது. கதிர் உறைக்குள் இருக்கும் பொதி பருவம் முடிந்து நூற்றுக்கு ஐந்து கதிர் எட்டிப் பார்க்கும்போதே அடித்தாக வேண்டும். கார்த்திகை, மார்கழியில் இரவு குளிர்ந்து, பனி இலையில் நீண்ட நேரம் நின்று, மேல் யூரியாவும் அதிகம் போட்டிருந்தால் தள்ளிப்போட நாள் இல்லை.

அடிக்கும் நேரமும் கவனிக்க வேண்டும். மார்கழிப் பனி இலையில் இருக்கும்போது அடித்தால் மருந்து பனியோடு சேர்ந்து வழிந்துவிடும். பனி காய்ந்த பிறகு அடிக்கலாம் என்றால், பூக்கும் பருவத்தில் முற்பகலில்தான் நெல் பூ விரியும். எனவே கதிர் வந்த வயலில் மாலை நாலு மணிக்கு மேல் அடிப்பதே மேல். தூள் மருந்தோடு ஒட்டும் திரவம் சேர்ப்பது நெல்லுக்கு வீண் செலவல்ல.

ஏற்றுமதி நெல் போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் டிரைசைக்ளசோல் எச்ச வரம்பை கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. பஞ்சாப் அரசு பாசுமதிக்கு இதைச் சில பருவங்களில் தற்காலிகமாகத் தடை செய்ததும் இதனால்தான். நம் ஊர்ச் சந்தைக்கு விற்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே லேபிளில் போட்டிருக்கும் நாள் கழிய வேண்டும்.

இலையுறைக் கருகல் என்ற பூஞ்சண நோயும் புகையான் என்ற பூச்சியும் வேறு கதை. இரண்டும் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். மேலே நின்று வீசினால் ஒரு சொட்டும் அங்கே சேராது. வயலில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, பயிரை இரண்டரை மீட்டருக்கு ஓர் இடைவெளியாகப் பட்டம் பிரித்து, குழாயைத் தாழ்த்தித் தூரை நோக்கி அடிக்க வேண்டும். மெஷினோடு வரும் பிளாஸ்டிக் குழாய் பலவற்றில் முனை வளைவதில்லை. முனை சாய்ந்த பித்தளைக் குழாயோ நீட்டிச் சுருக்கும் ஸ்டீல் குழாயோ வாங்கிக்கொண்டால் குனிந்து குனிந்து இடுப்பு ஒடிவது குறையும். இலையுறைக் கருகலுக்கு ஹெக்சகோனசோல் 5 சதம் லிட்டருக்கு 2 மில்லி, ஏக்கருக்கு 400 மில்லி. புகையானுக்குச் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை அடிக்கவே வேண்டாம், அடித்தால் சிலந்தி முதலான நன்மை செய்பவை சாகும், புகையான் முன்பைவிட அதிகமாகக் கிளம்பும்.

மெஷினின் நிஜமான குறை ஒன்றைக் கடையில் சொல்ல மாட்டார்கள்: உள்ளே கலக்கி இல்லை. நெம்புகோல் மெஷினில் கை ஏறி இறங்கும்போது உள்ளே இருக்கும் துடுப்பு தண்ணீரைக் கொஞ்சம் அலைத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி மெஷின் பலவற்றில் அது கிடையாது. திரவ மருந்துக்குப் பெரிய பிரச்சினை இல்லை. தூள் மருந்தும், டால்க் பொடியில் வரும் நன்மை செய்யும் நுண்ணுயிரான சூடோமோனாஸும் அடியில் உட்காரும். டேங்கின் முதல் பாதி கெட்டியாகவும் கடைசிப் பாதி வெறும் தண்ணீராகவும் போகும். நடக்கும்போது வரும் ஆட்டம் ஓரளவு உதவுகிறது. நடுவில் வரப்பில் நின்று வெற்றிலை போட்டால், மறுபடி தொடங்கும் முன் உடம்பை இரண்டு முறை நன்றாக அசைத்துவிட்டுத் தொடங்கவும். சூடோமோனாஸை இரவே ஊற வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிய தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் வடிகட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அடைக்கும். உண்மையில் சூடோமோனாஸின் மலிவான பயன் ஸ்பிரேயரில் இல்லவே இல்லை: கிலோ விதைக்கு 10 கிராம் போட்டு ஊறவைத்து விதைப்பது. அதற்கு மெஷினும் வேண்டாம், கூலியும் வேண்டாம். பூஞ்சண மருந்தோடு அதே நாளில், அதே டேங்கில் மட்டும் கலந்துவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய நுண்ணுயிரை நாமே கொன்ற கணக்காகும்.

பாதுகாப்பு விஷயத்தில் பேட்டரி மெஷின் ஒரு புது ஆபத்தைக் கொண்டுவருகிறது. கை ஓயாததால் அதிக நேரம் அடிக்கலாம். அதனால் அதிக நேரம் நனையலாம். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், பலர் இறந்தார்கள். ஆளுயரத்துக்கு வளர்ந்த பயிர், பாதுகாப்பு உடை இல்லாமை, இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்தது எல்லாம் சேர்ந்து வந்த வினை அது.

மருந்து உடம்புக்குள் போவது மூக்கு வழியாகத்தான் என்று எல்லாரும் துண்டை முகத்தில் கட்டுகிறார்கள். அதைவிட அதிகம் போவது தோல் வழி. முதல் இடம் கை, அதுவும் மருந்தை அளந்து ஊற்றும் அந்த ஒரு நிமிடம். வயலில் அடிப்பது நீர்த்த மருந்து, பாட்டிலில் இருப்பது முழு விஷம். ஒரே ஒரு பாதுகாப்புக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நைட்ரைல் ரப்பர் கையுறையை வாங்குங்கள். துணிக் கையுறை வேண்டாம், அது மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கையிலேயே ஒற்றடம் போடும். இரண்டாவது இடம் முதுகு. மூடி சரியாக இறுகாத டேங்க், குனியும்போதெல்லாம் முதுகில் வடியும். டேங்கை மாட்டும் முன் உரச்சாக்குக்குள் வரும் பிளாஸ்டிக் உறை ஒன்றை முதுகில் போட்டுக்கொள்வது பைசா செலவில்லாத காப்பு. மூன்றாவது கால். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழாயை முன்னால் இடமும் வலமும் வீசிக்கொண்டே அதே நனைந்த பயிருக்குள் நடந்தால் தொடைவரை மருந்துக் குளியல். காற்றுக்குக் குறுக்காக நடந்து, குழாயைக் காற்று போகும் பக்கத்தில் மட்டும் பிடித்து, அடிக்காத பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும். முழுக்கால் சட்டை போட வேண்டும். ஓலை சலசலத்தால் அடிக்கலாம், மரக்கிளை ஆடினால் மெஷினை இறக்கிவிடலாம்.

டப்பாவில் இருக்கும் முக்கோணத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. ஒரே நோய்க்கு இரண்டு மருந்து இருந்தால் நீலத்தையோ பச்சையையோ கேட்டு வாங்குங்கள். அடிக்கும்போது தலைசுற்றல், வாந்தி, அளவுக்கு மீறிய வியர்வை, எச்சில் ஊறுதல், பார்வை மங்கல் வந்தால் வெயில் என்று நினைத்து உட்காரக் கூடாது. உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐ அழைத்து, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். பால் கொடுப்பது, வாந்தி எடுக்க வைப்பது எதுவும் செய்ய வேண்டாம்.

நாசில் அடைத்தால் வாயால் ஊதுகிறார்கள். இதைவிட ஆபத்தான பழக்கம் வயலில் வேறில்லை. கம்பியால் குத்துவதும் தப்பு, துளை கோணலாகி ஒரு பக்கம் மட்டும் அடிக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றும் உதிரி நாசில் இரண்டும் பையில் இருக்கட்டும். தூள் மருந்து மணல் போல் உரசி உரசித் துளையைப் பெரிதாக்கும். புதிதில் நிமிடத்துக்கு 750 மில்லி வந்தது 825-ஐத் தாண்டினால், அதாவது பத்தில் ஒரு பங்கு கூடினால், தூக்கிப் போட வேண்டியதுதான். அந்தப் பத்தில் ஒரு பங்கு மருந்தும் சும்மா போகிறது. ஏக்கருக்கு ஒரு தெளிப்பின் மருந்து 400 ரூபாய் என்றால் 40 ரூபாய் வீண். மூன்று ஏக்கரில் இரண்டு போகத்துக்கு மூன்று மூன்று தெளிப்பு என்றால் வருடம் 720 ரூபாய். ஒரு நாசில் விலையை அதோடு வைத்துப் பாருங்கள்.

பழுதுகளில் முதலிடம் பேட்டரிக்கு. லெட் ஆசிட் பேட்டரியை முழுக்க இறக்கி அப்படியே மூலையில் போட்டால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துவிடும். அறுவடை முடிந்து அடுத்த நடவுவரை சும்மா கிடக்கும் மாதங்களில்தான் பெரும்பாலான பேட்டரி சாகிறது. வேலை செய்து சாவது குறைவு. அடித்த அன்றே சார்ஜ் போட்டு, சும்மா இருக்கும் காலத்தில் மாதம் ஒரு முறை ஏற்ற வேண்டும். ஏறி முடிந்ததும் தானே நிற்கும் சார்ஜரா என்று கேட்டு வாங்குங்கள். இரவு முழுக்க ஏற்றி, ஓரிரு மணி நேரம் ஆற விட்டு மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12-க்குக் கீழ் விழுந்தால் மாற்றுக்கு நேரம் வந்துவிட்டது.

‘ஒரு சார்ஜுக்கு இருபது டேங்க்’ என்பதையும் இங்கே சோதித்துவிடலாம். இரட்டைக் கூம்பு நாசிலில் ஒரு டேங்க் பத்தே முக்கால் நிமிடம் ஓடும். இருபது டேங்க் என்றால் மூன்றரை மணி நேரம். பம்ப் 3 ஆம்பியர் இழுத்தால் பத்தரை ஆம்பியர்-மணி வேண்டும். கையில் இருப்பது 8, அதிலும் வேகமாக இழுக்கும்போது முழுதாகக் கிடைக்காது. ஒரு ஏக்கர் முடியும், அவ்வளவுதான். கடைசி டேங்குகளில் மோட்டார் சத்தம் இறங்கி, கூம்பு சுருங்குவது கண்ணுக்கே தெரியும். அந்த நிலையில் அடித்தது அடித்ததாகக் கணக்கில்லை. ஒரே சார்ஜில் ஒன்றரை ஏக்கர் முடிக்க வேண்டும் என்றால் 12 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ளதை எடுக்கலாம்; ஒன்றரைக் கிலோ பக்கம் எடை கூடும். லித்தியம் பேட்டரி எடையில் பெரும் நிம்மதி, விலை கூடுதல். அதை அதற்குரிய சார்ஜரில் மட்டுமே போட வேண்டும், பழைய சார்ஜர் வேண்டாம். மின்சாரச் செலவைப் பற்றிக் கவலை இல்லை: 12 வோல்ட் 8 ஆம்பியர்-மணி என்பது 96 வாட்-மணி, சேதாரம் சேர்த்தாலும் கால் யூனிட் ஆகாது.

மோட்டார் ஓடுகிறது, தெளிப்பு வரவில்லை என்றால் தொண்ணூறு சதம் டேங்க் அடியில் உள்ள வடிகட்டி அடைப்பு, அல்லது பம்ப் வால்வில் மருந்துத் தூள் சிக்கியிருக்கும். வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரை ஓட விட்டால் பாதி சரியாகும். மோட்டாரே ஓடவில்லை என்றால் ஃபியூஸ், பேட்டரி முனை, அடியில் இருக்கும் சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். சுவிட்சை டேங்கின் அடியில் வைத்திருப்பது இந்த வகையின் மோசமான வடிவமைப்பு, வயல் தண்ணீரும் மருந்தும் படும் இடம் அதுதான். ‘டக் டக்’ என்று மோட்டார் விட்டு விட்டு ஓடினால் பழுது என்று பயப்பட வேண்டாம். நாசில் எடுப்பதைவிட பம்ப் அதிகம் தள்ளுகிறது, அழுத்த சுவிட்ச் வெட்டி வெட்டிப் போடுகிறது. திருகைக் குறைத்து, சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்தினால் சுவிட்சும் பேட்டரியும் கூடுதல் நாள் வரும்.

வாங்கும்போது கடையிலேயே ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மூடியை இறுக்கி மெஷினைச் சாய்த்தால் ஒரு சொட்டு வரக் கூடாது. கைப்பிடியை மூடியபடி சுவிட்சைப் போட்டால் சில நொடியில் மோட்டார் நின்று, நின்றபடியே இருக்க வேண்டும். தொடாமலேயே மறுபடி மறுபடி ஓடினால் எங்கேயோ கசிகிறது, அந்த மெஷின் வேண்டாம். பம்ப், வாஷர், கைப்பிடி ரிப்பேர் கிட் அந்தக் கடையிலேயே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். மானியத்துக்குத் தமிழக அரசின் உழவன் செயலியில் முதலில் பார்த்துவிடுவது நல்லது.

களைக்கொல்லிக்கு இதே மெஷினைப் பயன்படுத்தலாமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. கூடாது. டெல்டாவில் சம்பா அறுப்புக்குப் பின் உளுந்தும் பயறும் வரும். 2,4-டி என்ற களைக்கொல்லியின் மிச்சம் டியூபில் ஒட்டியிருந்தாலே உளுந்து இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும். மூன்று முறை கழுவியும் டியூபில் தங்கும். பழைய நெம்புகோல் மெஷின் ஒன்று வீட்டில் கிடந்தால் அதைக் களைக்கொல்லிக்கு ஒதுக்கி, பெயின்டில் பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள். கழுவிய தண்ணீரை வாய்க்காலில் கொட்டாமல் அடித்த வயலிலேயே தெளித்துவிட வேண்டும். காலி டப்பாவை மூன்று முறை அலசி அந்தத் தண்ணீரையும் டேங்கில் ஊற்றிவிட்டு, டப்பாவில் ஓட்டை போட்டுவிடவும். வீட்டில் எண்ணெய் வைக்க அது உதவும் என்ற ஆசையே வரக் கூடாது.

பெட்ரோல் விசைத்தெளிப்பான் தென்னை, மா, உயரமான பருத்திக்குச் சரி. நெல்லுக்கு அதன் காற்று வேகம் மருந்தைப் பக்கத்து வயலுக்கும் அடிப்பவர் முகத்துக்கும்தான் கொண்டு சேர்க்கிறது. டிரோன் ஏக்கருக்குச் சுமார் பத்து லிட்டர் தண்ணீரில் முடிக்கிறது, சேற்றில் ஆள் இறங்க வேண்டாம். கழுத்துக் குலைநோய்க்கு மேலிருந்து விழும் அந்தத் தெளிப்பு பொருந்தும்; ஊரே ஒரே வாரத்தில் கதிர் தள்ளும்போது ஆள் கிடைக்காத குறையும் தீரும். தூர் அடியில் இருக்கும் புகையானுக்கும் இலையுறைக் கருகலுக்கும் பட்டம் பிரித்து ஆள் இறங்கி அடிப்பதற்கு அது ஈடாகாது.

செலவைக் கூட்டினால்: மெஷின் 3,000, நாலு வருடத்தில் ஒரு பேட்டரி 1,000, நாசில், வாஷர், பெல்ட் 500. மேலே சொன்ன மூன்று ஏக்கர்காரர் நாலு வருடத்தில் 72 ஏக்கர்த் தெளிப்பு அடிப்பார். ஒரு தெளிப்புக்கு மெஷின் செலவு 63 ரூபாய். மருந்தும் கூலியும் இதைப்போல் பல மடங்கு. ஒற்றை மோட்டார், 12 ஆம்பியர்-மணி பேட்டரி, இரட்டைக் கூம்பு நாசில், ஒரு ஜோடி நைட்ரைல் கையுறை: வாங்கினால் இந்தச் சேர்க்கையை வாங்குங்கள். இரட்டை மோட்டாருக்குக் கேட்கும் கூடுதல் பணம் கையுறைக்கும் உதிரி நாசிலுக்கும் போகட்டும். ஐந்தில் மூன்றரை கொடுக்கலாம். கலக்கி இல்லாததற்கும் அடியில் வைத்த சுவிட்சுக்கும் ஒன்றரையைக் குறைத்திருக்கிறோம்.